நிறுத்தலாம், போகலாம்

டிரைவர் இல்லாத கம்பெனி பஸ் பாலத்தருகே வேகத்தைக் குறைத்தது. ரோட்டோரம் ஸ்கூட்டரோடு விழுந்துகிடந்த ஒருவர் கையை உயர்த்தினார். "நிற்கட்டுமா, போகட்டுமா?" என்று பஸ் கேட்டது. பயணிகள் தங்கள் சீட்டிலிருந்த பொத்தானை அழுத்த அழுத்த, திரையில் எண்ணிக்கை ஏறியது: போகலாம் இருபத்தாறு, நிறுத்தலாம் பூஜ்யம்.

வேதவல்லியின் விரல் 'நிறுத்தலாம்' பொத்தான்வரை போய்விட்டது. அழுத்தினால் அந்தப் பக்கம் அவள் பெயர் மட்டும் தனியாகத் திரையில் வரும். விரலை நகர்த்தி 'போகலாம்' என்பதையே அழுத்தினாள். பஸ் கிளம்பியது. பின்கண்ணாடியில் அந்தக் கை இன்னும் இறங்காமல் தெரிந்தது.

கம்பெனி வாசலில் இறங்கியதும் பக்கத்து சீட்டு அமலி அவள் தோளைப் பிடித்தாள். "நீ நிறுத்தச் சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன்டி."

பின்னால் வந்த இரண்டு பேர், "நாங்களும்தான்" என்றார்கள்.

வேதவல்லி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. எல்லோரும் உள்ளே போனார்கள். அவளும் போனாள்.