கடி, மெல்லு, துப்பு

"துப்பு," என்றார் விளம்பரப் பட டைரக்டர்.

குழந்தை துப்பினாள். பன், இலை, இறைச்சி, சாஸ் எல்லாம் கூழாகி நீல வாளியில் விழுந்தன.

வாளி பாதி நிறைந்திருந்தது.

முன்பல் விழுந்த ஆறு வயசு வாய். பர்கரைப் பக்கவாட்டில்தான் கடிக்க வருகிறது. டைரக்டருக்கோ நேராகக் கடிக்க வேண்டும், கண் விரிய வேண்டும், உலகமே கைக்குள் வந்துவிட்டதுபோல் சிரிக்க வேண்டும். எது குறைந்தாலும் இன்னொரு டேக்.

முழுங்க மட்டும் கூடாது. வயிறு நிறைந்தால் முகத்திலிருந்து ஆசை வடிந்துவிடும் என்பது தொழில் தெரிந்தவர்களின் கணக்கு.

உணவு ஆலோசகர் சுவரோரம் கைகட்டி நின்றிருந்தாள். இந்த அறையில் காறித் துப்பத் தகுந்தது எது என்று அவளிடம் கேட்டிருந்தால், வாளிக்குள் கிடப்பதைக் கடைசியாகத்தான் சொல்லியிருப்பாள்.

முதலில் பர்கர் கம்பெனி மேலாளர். ஊர்ப் பிள்ளைகளின் நாக்கை வளர்த்துவிட்டுப் பிழைக்கிறவன், மடியில் டப்பா வைத்து வெள்ளரித் துண்டு கொறித்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது, தட்டில் அழகுக்கென்றே உட்கார்ந்திருந்த இன்னொரு பர்கருக்கு எள்ளைக் குறட்டால் எடுத்து, பசை தடவி, ஒவ்வொன்றாக ஒட்டுகிற ஆள். பிணத்துக்குச் சிங்காரம் செய்கிறவனுக்குக்கூட இவ்வளவு பொறுமை இருக்காது.

அப்புறம் மேடம்.

குழந்தை வளர்ப்பு இணையதளத்தின் சொந்தக்காரி. லட்சம் தாய்மார்களுக்கு 'அக்கா'. தன் பிள்ளைகள் இரண்டையும் விடுதியில் தள்ளிவிட்டு, ஊரார் பிள்ளையை எப்படி வளர்ப்பதென்று தினம் ஒரு கட்டுரை போடுகிறவள். அந்தத் தளத்தின் முதல் பக்கத்தில்தான் அடுத்த வாரத்திலிருந்து இந்தப் படம் ஓடப் போகிறது. கீழே ஒரு வரி: 'வாரம் ஒரு நாள் தப்பே இல்லை.' வரிக்குப் பக்கத்தில் ஆலோசகரின் போட்டோ, பெயர்.

அந்தப் பெயருக்குத்தான் இன்னும் அவள் தலையாட்டவில்லை. ஆட்டாவிட்டால் வேறு தலை பார்த்துக்கொள்வேன் என்று மேடம் சொல்லியாயிற்று.

சும்மா சம்பாதித்த பெயரா அது? காலைச் சாப்பாட்டுக்குப் பதில் பிஸ்கட் கொடுத்தேன் என்று அந்தத் தளத்தில் எழுதிக் கேட்ட தாய்மார்களை உரித்து உப்புக்கண்டம் போட்டவள் அவள். 'பிள்ளையின் வயிறு குப்பைத்தொட்டி அல்ல' என்ற அவளுடைய வாக்கியத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு.

மேக்கப்காரம்மா இன்றைக்குத்தான் புதிதாக வந்தவள். குழந்தையின் உதட்டைத் துடைத்துவிட்டு, லைட்காரரிடம் முணுமுணுத்தாள். "காலைல இருந்து வெறும் வயிறாம். பெத்தவ யாரோ, கல்நெஞ்சுக்காரி."

ஆலோசகரின் காதில் விழுந்தது. திரும்பவில்லை.

"கடி."

கடித்தாள்.

"மெல்லு."

மென்றாள். சின்னத் தொண்டை மெல்ல ஏறி இறங்கப் பார்த்தது.

"துப்பு, துப்பு."

துப்பினாள்.

மேடம் சுவரோரம் வந்தாள். "சைட்டை எல்லாரும் ஓசியிலதானேம்மா படிக்கிறாங்க? உனக்கும் எனக்கும் சோறு எங்கேருந்து வருதுன்னு நினைச்சே? எவன் விளம்பரம் கொடுத்தாலும் வாங்கித்தான் ஆகணும்."

"ஆடு வளர்க்கச் சொல்லித்தர்ற இடத்துல கசாப்புக் கடை போர்டா, மேடம்? மாட்டிக்கோங்க. அதுல என் பேரை எழுதாதீங்க. வேலையை விட்டு அனுப்பினாலும் சரி."

எள் ஒட்டிய கை நின்றது. வெள்ளரி மென்ற வாய் நின்றது.

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மேலாளரைப் பார்த்தாள். படம் கிடைத்தால் போதும் என்பதுபோல் அவன் கையை வீசினான்.

"சரி. பேரு வேண்டாம், போட்டோவும் வேண்டாம். வேலையிலயும் இரு."

ஜெயித்துவிட்டாள்.

அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. இந்தக் கும்பலில் முதுகெலும்பு உள்ள ஒரே ஆள் தான்தான் என்று பட்டது. தாய்மார்களுக்கு இதை எப்படி எழுதுவது என்று முதல் வரிகூட மனதில் ஓடத் தொடங்கியது.

இரண்டடி போன மேடம் திரும்பினாள். குரலில் கோபம் துளியும் இல்லை.

"இன்னும் ஒரே டேக்தான். போய் உன் பொண்ணைக் கொஞ்சம் சமாதானப்படுத்து, அழுதுடப் போறா. காலைல ஒண்ணும் கொடுக்காம கூட்டிட்டு வான்னேன், அப்படியே செஞ்சிருக்கே. அதான் முகம் இவ்வளவு நல்லா வருது."

மேக்கப்காரம்மாவின் கையிலிருந்த பஞ்சு பாதி வழியில் நின்றது.

ஆலோசகர் யாரையும் பார்க்காமல் வெளிச்சத்துக்குள் நடந்தாள். மகளின் முன்னால் மண்டியிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்தாள். மோவாயில் ஒட்டியிருந்த சாஸைக் கட்டைவிரலால் வழித்தாள்.

"பசிக்குதும்மா."

குழந்தையின் கண்கள் புதிதாக வந்த பர்கர் மேலேயே இருந்தன. கீழுதடு துடித்தது.

தாய் ஒருமுறை கேமராவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இதே முகம்தான் கண்ணு. அப்படியே வெச்சுக்கோ."