ஈரத் தரைப் பலகை

நல மன்றத்தின் வாசலில் மஞ்சள் பலகை ஒன்று வெயிலில் பளபளக்கிறது: ‘தரை ஈரம், கவனம்’. மன்றம் காப்பீடு எடுத்திருக்கும் நிறுவனத்திலிருந்து வந்தவர் அதைக் குனிந்து பார்க்கிறார். மன்றச் செயலாளர் அவரையே பார்க்கிறார். போன மாதம் தையல் வகுப்புக்கு வந்து இங்கே வழுக்கி விழுந்த அக்கா, மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டி, இருவரையும் பார்க்கிறாள்.

“அன்னைக்கும் இந்த போர்டு இங்கதான் சார் இருந்துச்சு. எங்க மேல ஒரு தப்பும் இல்ல” என்கிறார் செயலாளர். வந்தவர் பலகையைத் திருப்புகிறார். கடையின் விலைச்சீட்டு இன்னும் உரிக்கப்படவில்லை. அதில் நேற்றைய தேதி. “தப்பு உங்க மேலன்னாதான் இவங்களுக்கு நாங்க பணம் தருவோம். எச்சரிச்சும் விழுந்தாங்கன்னா ஒண்ணும் கிடையாது.” செயலாளர் அவர் முகத்தை ஆராய்கிறார். இவர் உதவுகிறாரா, வலை விரிக்கிறாரா? வந்தவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேனா தாளுக்கு மேல் நிற்கிறது. “நீங்க சொல்லுங்கம்மா. போர்டு இருந்துச்சா?” வாசல் குழாய் இன்னும் சொட்டுகிறது. அக்கா செயலாளரிடம் திரும்புகிறாள்.

“எம் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் நேத்து கடைக்குப் போனீங்களா, தம்பி?”