சம்பந்தியம்மா கொடுத்த மீன்

"இந்த நோய் வேற எப்படி வந்திருக்கும்? உங்க சம்பந்தியம்மா கொடுத்தாங்களே மஞ்சள் மீன், அதோடதான் வந்திருக்கும்!"

ஸவ்ரேஷ் பட்டென்று சொல்லிவிட்டாள். கணவர் சபார் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். தொட்டிக்குள் அவருடைய செல்ல நீல மீன், மேலெல்லாம் உப்பைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகளோடு பாறையில் உரசிக்கொண்டிருந்தது.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷன், கடலையே பார்க்காத அல்மாட்டி நகரத்தில் உப்புத் தண்ணீர் கலந்து கலந்து வளர்த்த மீன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை அவருக்கு.

"புது மீனை முதல்ல தனியா வெச்சுப் பாக்கணும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "ஆனா பொண்ணைக் கொடுத்தவங்க ஆசையா கொண்டு வந்ததை, அவங்க கண்ணெதிர்ல வாளியில ஒதுக்கி வைக்க முடியுமா? முகம் சுண்டிடாது? இன்னைக்கு வேற டீக்கு வர்றாங்க. நீ இதைப் பத்தி மூச்சு விடாதே."

"நான் எதுக்கு விடறேன்?"

குளியலறையில் மருமகள் ஐனாஷ் பழைய கண்ணாடித் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெரிய தொட்டியில் செம்பு மருந்தை ஊற்றினால் அதிலிருக்கும் இறால்கள் செத்துவிடும். அதனால் நோயாளிக்குத் தனி ஜாகை. மணல் கிடையாது, பாறை கிடையாது. ஒரு ஹீட்டர், காற்றுக் குமிழி விடும் ஒரு ஸ்பாஞ்ச், ஒளிந்துகொள்ளத் துண்டு பிளாஸ்டிக் குழாய்.

"குழாயைக் கொதிதண்ணியில போட்டியா?"

"போட்டேன் அத்தை."

"தண்ணி நிறையாம ஹீட்டரைப் போட்டுடாதே, வெடிச்சுத் தொலைக்கும். உங்கம்மா வீட்ல இதெல்லாம் எங்க சொல்லிக் கொடுத்திருக்கப் போறாங்க!"

ஐனாஷ் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். திருப்பிச் சண்டை போட்டிருந்தால்கூட ஸவ்ரேஷுக்குத் தேவலாம்.

சபார் கராகந்தாவில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, பிராணிச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று விரல் நீளக் கோடு போட்ட மீன் ஒன்றை வாங்கி வந்தவள் ஸவ்ரேஷ்தான். இத்தனூண்டு மீனுக்குத் தனி வாசம் ஒரு கேடா என்று பைத் தண்ணீரோடு பெரிய தொட்டியில் கவிழ்த்தவளும் அவள்தான். அது மறுநாளே செத்து மிதந்தது. யாரும் பார்ப்பதற்குள் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டாள்.

சொல்லிவிடலாம். மனுஷன் ஒரு நாள் கத்துவார், அவ்வளவுதான். இப்போதே சொல்லிவிடலாம்.

ஐனாஷ் தண்ணீர் நிரப்பி, நீல மீனைப் புது ஜாகையில் விட்டு நிமிர்ந்தாள். அழைப்பு மணி அடித்தது.

ஐனாஷின் அம்மா குலியாஷ் கன்னம் சிவக்கக் குளிரிலிருந்து வந்தாள். பூட்ஸைக் கழற்றினாள். எல்லாரையும் கட்டிக்கொண்டாள். சாப்பிட உட்காருமுன் கை கழுவ நேரே குளியலறைக்குப் போய்விட்டாள். அதை யாரும் யோசிக்கவில்லை!

"அடடே, மீனுக்கும் ஆஸ்பத்திரியா?" என்று உள்ளேயிருந்து சிரித்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். "பாவம், வெள்ளைப் புள்ளி. எங்கிருந்து தொத்துச்சு?"

சபார் கூரையைப் பார்த்தார். ஐனாஷ் துண்டை மடித்தாள், மடித்ததையே மறுபடி மடித்தாள். ஸவ்ரேஷ் வாயைத் திறந்தாள். நாலு மாடிக்குக் கேட்கிற வாய். காற்றுதான் வந்தது.

குலியாஷ் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓ... என் மீனாலயா? மன்னிச்சுக்கோங்க சம்பந்தி. நான் பாத்துக் கொடுத்திருக்கணும்."

"சேச்சே, தெரியாம நடந்ததுதானே! பரவாயில்லைங்க," என்று பதறினார் சபார்.

"பரவாயில்லை," என்றாள் ஸவ்ரேஷும். செய்யாதவள் மன்னிப்புக் கேட்டாள், செய்தவள் மன்னித்தாள்.

அதன்பிறகு அவளால் விருந்தாளியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குதிரை இறைச்சியில் நல்ல கொழுப்புத் துண்டாகப் பொறுக்கிப் பொறுக்கி அவள் தட்டில் தள்ளினாள். தேநீர்க் கிண்ணம் காலியாகுமுன் நிரப்பினாள். கிளம்பும்போது எண்ணெயில் பொரித்து மிச்சமிருந்த பவுர்சாக் உருண்டைகள் அத்தனையையும் பையில் கொட்டினாள்.

"போதும் சம்பந்தியம்மா, பை கிழிஞ்சுடும்!"

வாசல் நடையில் இருவர் மட்டும் நின்றபோது ஸவ்ரேஷுக்குத் தாங்கவில்லை.

"உங்க மீன்... அது வந்து..."

"என் மீனுக்கு ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியும்." குலியாஷ் குனிந்து பூட்ஸ் ஜிப்பை இழுத்தாள். "நான் கொடுத்தா நீங்க மரியாதைக்காக ஒதுக்கி வைக்க மாட்டீங்க, நேரா உள்ளதான் விடுவீங்க. அதனாலதான் ஒரு மாசத்துக்கு மேல எங்க வீட்டுக் குளியல் தொட்டியில தனியா வெச்சுப் பாத்துட்டுக் கொண்டு வந்தேன். அத்தனை நாளும் நாங்க வாளியில மொண்டுதான் குளிச்சோம்."

ஸவ்ரேஷுக்குக் காது மடல் எரிந்தது. கண் நிறைந்தது.

"அப்புறமும் எனக்காகவா பழியை ஏத்துக்கிட்டீங்க?"

குலியாஷ் நிமிர்ந்து, உள்ளே கிண்ணங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த மகளை ஒரு தரம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்காக இல்லை சம்பந்தியம்மா. என் மீன் இல்லைன்னு நான் சொல்லியிருந்தா, அடுத்து யார் பேரைச் சொல்லியிருப்பீங்க?"