இருபதான பத்து

மாணவர் விடுதியின் கேரம் டப்பாவில் உபரியாகக் கிடந்த கறுப்புக் காய், பக்கத்திலிருந்த வெள்ளைக் காயிடம் கேட்டது: "ஏண்ணே, நாம ரெண்டு பேரும் ஒரே அளவு, ஒரே எடை. உங்களுக்கு மட்டும் இருபது புள்ளி, எனக்கு ஏன் பத்து?"

"அது பிறப்பு, தம்பி. நாங்க வேற மரம். கொஞ்சம் தள்ளிப் படு, ஒட்டிக்கப் போகுது."

மறுநாள் ஆட்டத்தில் வேறொரு வெள்ளைக் காய் தெறித்துப் போய்ச் சாக்கடையில் விழுந்தது. மாணவன் ஒருவன் உபரிக் காயை எடுத்து வெள்ளை பெயின்ட் அடித்தான். அன்றிலிருந்து அதற்கும் இருபது.

டப்பாவுக்குள் வந்ததும் பழைய வெள்ளைக் காய் நகர்ந்து இடம் கொடுத்தது.

"வாங்க, வாங்க! நல்ல மரம்னு முகத்திலேயே தெரியுதே. நேத்து இங்க ஒருத்தன் படுத்திருந்தான், சரியான வாயாடி. நல்லவேளை, தொலைஞ்சான்."

புதிய வெள்ளை அந்த இடத்தில் நெருங்கிப் படுத்துக்கொண்டது.

சில நாள் அடி வாங்கியதில் அதன் விளிம்பில் பெயின்ட் உதிர்ந்து கறுப்பு எட்டிப் பார்த்தது. மறுபடியும் தள்ளிப் படுக்கச் சொல்வார்களே என்று அது நடுங்கியது.

பழைய வெள்ளைக் காய் அதைப் பார்த்துவிட்டது. அக்கம்பக்கம் நோட்டம் விட்டுவிட்டு, மெல்ல நெருங்கிக் காதோடு சொன்னது:

"அந்தப் பக்கத்தை டப்பாச் சுவரோரமா திருப்பி வெச்சுக்க, தம்பி. எனக்கு அடிச்ச பெயின்ட் போன வருஷமே உதிர்ந்துபோச்சு. நான் அப்படித்தான் படுக்கிறேன்."