அலமாரியில் இரண்டு பாட்டில்கள்

நண்பர்கள் சிலர் சேர்ந்து வீட்டிலேயே பீர் காய்ச்சினார்கள். அரட்டையடித்துக்கொண்டே இரண்டு பாட்டில்களில் நிரப்பியதால், எதில் எவ்வளவு சர்க்கரை போட்டோம் என்று யாருக்கும் நினைவில்லை. சர்க்கரை கூடினால் உள்ளே காற்றும் கூடும். இறுக்கமாக மூடி அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

சில நாட்களில் பச்சைப் பாட்டில் நடுங்கத் தொடங்கியது.

"அண்ணே, உள்ளே காத்து முட்டுது. தாங்க முடியல. கொஞ்சம் சீறிக் காட்டட்டுமா? வந்து திறந்து விடுவாங்க."

"சும்மா இரு!" என்று பதறியது பழுப்புப் பாட்டில். "கெட்டுப்போச்சுன்னு உன்னைச் சாக்கடையில கொட்டிடுவாங்க. அப்புறம் என்னையும் சந்தேகப்படுவாங்க."

பச்சைப் பாட்டில் பயந்து அடங்கிவிட்டது. மறுநாள் மத்தியானம் அது வெடித்துச் சிதறியது.

சத்தம் கேட்டு நண்பர்கள் ஓடி வந்தார்கள். அவர்களில் ஒருத்தி குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினாள். அவள் முகம் பழுப்புப் பாட்டிலுக்கு மிக அருகில் இருந்தது.

"நல்லவேளை, நீயாவது ஒழுங்கா இருக்கே" என்று அதைத் தடவிக்கொடுத்தாள்.

பழுப்புப் பாட்டிலுக்குள்ளும் காலையிலிருந்தே காற்று கழுத்துவரை ஏறியிருந்தது. அவள் கையின் சூடு பட்டதும் அது இன்னும் கொஞ்சம் ஏறியது. பாட்டில் சீறாமல் அடக்கிக்கொண்டது.