ஐஸ் தொட்டி

"ஆம்புலன்ஸ் வந்து நிக்குது! பொண்ணைத் தூக்குங்க சார்!" கோச் தொண்டை கிழியக் கத்தினார்.

முதலுதவி பார்க்கும் ட்ரெய்னர் காதில் வாங்கவே இல்லை.

ஓட்டப் பந்தயத்தில் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்த பெண், தொட்டியில் கழுத்து வரை ஐஸ் தண்ணீரில் நினைவில்லாமல் கிடந்தாள். தலை முங்காதபடி, அக்குளில் துண்டைக் கொடுத்துப் பிடித்திருந்தார் அவர்.

"முதல்ல உடம்புச் சூடு இறங்கணும். அப்புறம்தான் ஆஸ்பத்திரி."

"யார் சொன்னது?"

"போன மாசம் எங்க முதலுதவி கிளாஸ்ல."

"கிளாஸா? டீ குடிச்சதுதான் மிச்சம்னு நீங்கதானே புலம்புனீங்க?"

புலம்பியது வாஸ்தவம்தான். தலை நரைத்த பிறகும் வருஷா வருஷம் வகுப்பில் வந்து உட்காரு என்றால் யாருக்குத்தான் கடுப்பு வராது?

சுற்றி நின்ற கூட்டத்தின் கோபம் இப்போது பெண்ணின் அம்மா பக்கம் திரும்பியது. அவர் தள்ளியே நின்றிருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"பெத்தவதானா இவ? வேடிக்கை பாக்குறா பாரு!"

"வந்து தொட்டுக்கூடப் பாக்கலியே!"

கோச் அவரிடம் ஓடினார். "நீங்களாவது தூக்கச் சொல்லுங்கம்மா!"

"வேண்டாம். அவர் வேலையை அவர் செய்யட்டும்."

கோச் தலையில் அடித்துக்கொண்டார். என்ன மனசோ!

ட்ரெய்னர் சூட்டை அளந்தார். இன்னும் ஐஸ் கொட்டச் சொன்னார். மறுபடி அளந்தார்.

திடீரென்று பெண்ணின் உதடு அசைந்தது.

"குளிருது... யாரு என்னைத் தண்ணில போட்டது?"

போன உயிர் கண்ணெதிரே திரும்பி வந்தது. சற்றுமுன் வாய்க்கு வந்தபடி பேசியவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"சூடு இறங்கிடுச்சு. இப்ப கூட்டிட்டுப் போங்க," என்றார் ட்ரெய்னர்.

கோச் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் அந்தக் கத்து கத்தியும் எப்படி சார் அசராம இருந்தீங்க?"

"பெத்தவங்களே கதறினாலும் பாதியில தூக்காதீங்கன்னு கிளாஸ்ல படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க."

"யார் சார் அந்த டீச்சர்? அவங்களை நான் பாக்கணும்."

ஆம்புலன்ஸில் ஏறப்போன அம்மாவைக் காட்டினார் ட்ரெய்னர். "இவங்கதான்."

கோச் திகைத்துப் போனார். "மேடம்! அப்ப நீங்களே பக்கத்துல வந்து பிடிச்சிருக்கலாமே?"

அவ்வளவு நேரம் கல்லாக நின்றவருக்கு அப்போதுதான் குரல் உடைந்தது.

"தொட்டிருந்தா தூக்கியிருப்பேன் சார்."