எதிர்நீச்சலர்

உலகம் ஓரடியாவது முன்னால் நகர்ந்திருந்தால், அதற்குக் காரணம் சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள்தான் என்று விருதுத் தேர்வுக் குழுவின் கௌரவத் தலைவர் அறிவித்தார். அறிவித்த கையோடு, தன்னைக் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட அலுவலக உதவியாளரை எழுந்து நிற்கச் சொன்னார்.

அவள் எழுந்து நின்றாள். அறைக்கு நேற்றுத்தான் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சுவரில் இருந்ததெல்லாம் இறங்கி மேஜைமேல் குவிந்திருந்தது. கடிகாரத்துக்கும் விண்ணப்பக் கட்டுக்கும் நடுவில் டீ கோப்பையை வைக்க இடம் தேட வேண்டியிருந்தது.

"கேடயத்துல 'மரபை மீறியவர்'னு பொறிச்சிடலாமா?" என்றார் தலைவர்.

குழுவின் இன்னொரு உறுப்பினர் அகராதி தொகுத்தவர். முகத்தைச் சுளித்தார். "ரொம்ப அடிபட்ட சொல் சார். 'கட்டுடைத்தவர்'னு போடலாம். இல்லேன்னா 'தனிவழியர்'. 'எதிர்நீச்சலர்'னு ஒண்ணு நானே உண்டாக்கி வெச்சிருக்கேன். இன்னும் யார் கையும் படலை."

பத்தரைக்குத் தொடங்கிய கூட்டம் பன்னிரண்டு வரை சொற்களிலேயே நீந்திக்கொண்டிருந்தது.

வெளியே வராந்தா பெஞ்சில் ஒரு நர்ஸ் காத்திருந்தாள். அவள் வேலை பார்க்கும் குழந்தைகள் வார்டில், ஆறு மணிக்குமேல் தாய்மார்கள் இருக்கக் கூடாது என்பது விதி. பதினோரு மாதமாக அவள் அந்தக் கதவைப் பூட்டவே இல்லை.

நாளைக் காலை விசாரணை. மெமோவில் அவளுக்கு 'கீழ்ப்படியாதவர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வேலை தங்க வேண்டுமென்றால், இன்று மாலைக்குள் யாராவது பெரியவர்கள் அவளுக்கு வேறொரு சொல் தந்தாக வேண்டும்.

"சார், அந்த நர்ஸம்மா விண்ணப்பம்..." என்று உதவியாளர் எடுத்துக் கொடுத்தாள்.

தலைவர் விரல் நுனியால் புரட்டினார். கோடு போட்ட தாளில் நாலு பக்கம். "படிவத்துல எழுதலையே?"

"படிவத்துல சாதனைக்கு ரெண்டு வரிதான் சார் விட்டிருக்கோம். எந்தெந்தக் குழந்தை அம்மா பக்கத்துல இருந்ததால மருந்து குடிச்சுது, தூங்குச்சுன்னு ஒவ்வொண்ணா எழுதியிருக்காங்க. அது ரெண்டு வரில அடங்கலை."

"அடங்கணும்மா. விதி நாலு என்ன சொல்லுது? ரெண்டு வரின்னா ரெண்டு வரி." தாள்களை ஓரமாகத் தள்ளினார். "விதியை மதிக்காதவங்களுக்கு இந்த விருதை எப்படிக் குடுக்கிறது?"

தான் சொன்னதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அகராதிக்காரரும் தலையாட்டினார்.

அடுத்த விண்ணப்பம் பச்சை மையில் எழுதியதால் போயிற்று. அதற்கடுத்தது, கையெழுத்து கட்டத்தைவிட்டு அரை விரல் வெளியே வந்ததால் போயிற்று. கடைசியில் கட்டுக்கு அடியிலிருந்து அகராதிக்காரர் ஒன்றை உருவினார்.

அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. சாதனை, சரியாக இரண்டே வரி. நாலு மூலையிலும் நாலு சின்ன ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"சுவர்ல குத்தி வெச்சுத் தினமும் பார்த்திருக்கார் போல," என்றார் தலைவர், குரல் தழுதழுக்க. "எப்பேர்ப்பட்ட லட்சியம்! படிங்க, படிங்க."

"'எல்லோரும் போகும் வழியில் போகாமல் தமக்கென ஒரு வழியை வகுத்துக்கொண்டார்.'" அகராதிக்காரர் நிமிர்ந்தார். "என்ன வழின்னு சொல்லலையே சார்?"

"சொன்னா நாலு பேர் பின்னாலயே வந்துடுவாங்க. அப்புறம் அது எப்படித் தனி வழி?"

உதவியாளர் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "சார், அந்தப் படிவம்..."

"மறுபடியும் நர்ஸா?"

"இல்ல சார், இது வந்து..."

"கூட்டத்துல உதவியாளர் குறுக்கே பேசறது மரபில்லைம்மா."

தலைவரும் அகராதிக்காரரும் தீர்ப்பில் கையெழுத்திட்டார்கள். 'எதிர்நீச்சலர்' என்ற சொல் ஒருமனதாக நிறைவேறியது. தலைவர் தீர்ப்பைச் செல்போனில் படமெடுத்து, கேடயம் செய்பவருக்கும் ஏழு பத்திரிகைகளுக்கும் அங்கேயே அனுப்பிவைத்தார்.

"இனிமே அந்த ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது. எழுதின தீர்ப்பை நம்ம குழு ஒரு தடவைகூட மாத்தினது கிடையாது. போய் அந்த அம்மாவை வீட்டுக்குப் போகச் சொல்லு."

அவள் கதவு வரை போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பெஞ்சிலிருந்த நர்ஸ் பாதி எழுந்து, இவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள். உதவியாளர் கதவைத் திறக்காமல் திரும்பி வந்தாள்.

இதற்குள் தலைவர், நல்ல செய்தியைத் தன் வாயாலேயே சொல்ல ஆசைப்பட்டு, படிவத்திலிருந்த எண்ணை மேஜைத் தொலைபேசியில் சுழற்றியிருந்தார். லைன் பிஸியாக இருந்தது.

"பாருங்க, எப்பவும் வேலையா இருக்கிற மனுஷர்," என்று பூரித்தவர், ரிசீவரை வைத்துவிட்டு, விடாமல் தன் செல்போனில் அதே எண்ணைப் போட்டார். இந்த முறை மணி போயிற்று.

அந்த நேரம் பார்த்து மேஜைத் தொலைபேசியும் அலறியது.

"யாரு இது, நேரங்கெட்ட நேரத்துல. எடுத்து அப்புறமா பேசச் சொல்லும்மா," என்று கையை வீசிவிட்டு, தலைவர் செல்போனைக் காதில் அழுத்திக்கொண்டு தொண்டையைச் செருமினார். உதவியாளர் ரிசீவரை எடுத்தாள்.

"வணக்கம். இவ்வாண்டின் எதிர்நீச்சலராகத் தங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பதை..."

"மாதிரிப் படிவத்துல எழுத வேற நம்பர் கிடைக்கலை சார்," என்றாள் அவள் ரிசீவரில். "நம்ம ஆபீஸ் நம்பரையே போட்டு, போர்டுல குத்தி வெச்சேன்."